கல்யாண வீட்டு விளிம்புப் பலகை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். அளவு குறிக்கப் பென்சில் பிடித்ததைத் தவிர அதற்குப் பிறகு எழுத்து வேலை எதுவும் செய்ததில்லை. கூரை வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குச் சட்டை நனைந்துவிடும். பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பேசியே இருக்கலாம். உங்களில் பலர் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டி தேய்ந்து நான் ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். இழைப்பது, அறுப்பது, ஆணி அடிப்பது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை பரபரக்கிறது.

ஓட்டு வீட்டில் கூரை முடிகிற இடத்தில், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களின் நுனியை மூடி, வீட்டு அகலத்துக்கும் ஒரு பலகை ஓடுமே, அந்த விளிம்புப் பலகைதான் என் பிழைப்பாக இருந்தது. மழையும் வெயிலும் உப்புக் காற்றும் முதலில் தொடுவது அதைத்தான். கதவு சன்னலுக்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் காரைக்காலில் இருந்தார்கள். விளிம்பு ஊறிப்போனால் என்னைத் தேடுவார்கள். என்னோடு ரோஸ்மேரி அக்கா வருவார். எங்கள் கோயில் தெருக்காரர். ஓடு பிரிப்பதிலும் அடுக்குவதிலும் அவர் கைக்கு இணையாக ஒரு ஆணையும் நான் பார்த்ததில்லை. எனக்கு வராத பேச்சையெல்லாம் அவரே பேசிவிடுவார். அதனால்தான் எங்கள் கூட்டு நீடித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள். காரைக்கால்மேட்டுக் கரையில் மர வள்ளங்கள் குறைந்து ஃபைபர் படகுகள், எங்கள் பேச்சில் போட்டுகள், வரிசையாக நின்றன. ஓர் ஐப்பசி மாதத்தில், மீன் வியாபாரம் செய்யும் கனகவல்லியம்மாவிடமிருந்து ஆள் வந்தது. போனோம். வாசல் நிறையப் பந்தல். பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம்.

கனகவல்லியம்மா ஏலக் குரலில்தான் பேசுவார். "வாங்க மேஸ்திரி. பெரிய வேலைல்லாம் இல்ல. வாசப்படிக்கு மேல செவுத்துல ஒரு கறை எறங்கியிருக்கு பாருங்க. சுண்ணாம்பு அடிச்சு ஈரம் காயல, அதுக்குள்ள வந்துடுச்சு. சம்பந்தி வீட்டாளுங்க மொதல்ல பாக்குறதே அந்தச் செவுரத்தான். ஒழுகுற எடத்த அடச்சுவிட்டுப் போயிடுங்க."

அண்ணாந்து பார்த்தேன். விளிம்புப் பலகை நீல நிறத்தில் பளபளத்தது. நடுவில் ஒரு சிவப்புக் கோடு. கரையில் நின்ற அவர்கள் போட்டுக்கும் அதே நீலம், அதே கோடு. மரத்துக்கு அப்படி ஒரு வழவழப்பு வராதே என்று நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் கையால போட்டதுண்ணே. ஃபைபர் துணி சுத்தி, ரெசின் பசை பூசி, ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு எறும்பு போறதுக்கு எடம் வெக்கல. கடல்லயே தண்ணி புகாது. இந்த மழை என்னா மழை?"

அவர்தான் செல்வம். கனகவல்லியம்மாவின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன். ஃபைபர் போட்டு ஒட்டுவதில் அந்தக் கரையில் பெயர் வாங்கியவர். அக்கா வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, அக்கா வீட்டின் நெற்றிக்கே போட்டுத் தோல் போர்த்திவிட்டார்.

ரோஸ்மேரி அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டே சொன்னார்: "போட்டக் கவுத்துப் போட்டாதாம்ப்பா கூரை. ஒங்க அக்கா வீடு நிமுந்துல்ல நிக்குது."

கோலம் போட்டவர்கள் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தார். நான் ஏணியில் ஏறிப் பலகையைத் தட்டினேன்.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். நல்ல பலகையைத் தட்டினால் சத்தம் விரலுக்கே திரும்பி வரும். ஊறின பலகை சத்தத்தை விழுங்கிவிடும். இது இரண்டும் இல்லை. தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. வாசப்படிக்கு மேலே மட்டுமில்லை, வீட்டின் பாதி அகலத்துக்கு அதே சத்தம். எனக்கு இரண்டு விதமாக இருந்தது. பயம் பாதி. மீதியை எப்படிச் சொல்வது, மூடி வைத்த பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போகிற ஆசை.

பலகையின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டேன். டீ நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. என் முகத்தில், சட்டையில், பிறகு அந்தப் புதுச் சுண்ணாம்புச் சுவர் முழுவதிலும்.

"அய்யய்யோ! என் செவுரு!" என்று கத்தினார் கனகவல்லியம்மா. "கறைய அழிக்கச் சொன்னா கொளத்தையே தொறந்து வுட்டுட்டீங்களே!"

என் காதில் அது பாதிதான் விழுந்தது. பந்தல்காரர்கள் பந்தலின் முன்பக்கக் கயிறுகளை அந்தப் பலகையில் கொக்கி அடித்துக் கட்டியிருந்தார்கள். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கட்டுகிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்து தோலின் விறைப்புப் போகப் போக அந்தக் கொக்கிகள் இருந்த இடத்தில் பலகை மெல்லக் கீழே தொய்ந்தது. மேலே ஓடுகள் ஒன்றோடொன்று உரசின. அந்த உரசலைக் கூரை வேலை செய்கிறவன் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவான். நேர் கீழே ஐந்தாறு பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, கீழ..." என்றேன்.

ரோஸ்மேரி அக்காவுக்கு அதுவே போதும். "எல்லாரும் எந்திரிங்க! மாவு கெடக்கட்டும், எந்திரிங்கங்கிறேன்! ஏய் பந்தலு, கயித்த அவுருப்பா மொதல்ல!"

கயிறு அவிழ்ந்ததும் தொய்வு நின்றது. ஆனால் பலகை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பின்பக்கமாகக் கைமர நுனியில் குத்தினேன். பிடி வரைக்கும் போயிற்று. மரம் என்று அங்கே ஒன்றும் இல்லை. ஃபைபர் தோல்தான் கடைசி வரிசை ஓடுகளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடம்தான் நம் வேலையில் கஷ்டமான இடம். மூன்று வழி இருந்தது. துளையை அடைத்துவிட்டு, கறைக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போகலாம். அவர்கள் கேட்டது அதுதான். பந்தலை மட்டும் வீட்டில் கட்டாமல் தனிக் கம்பு ஊன்றி நிறுத்திவிட்டு, கல்யாணம் முடிந்து வருகிறேன் என்று சொல்லலாம். அது நியாயமாகக்கூடத் தோன்றியது. ஆனால் காற்று அப்போதே கொண்டலாக, கடலிலிருந்து நேரே அடிக்க ஆரம்பித்திருந்தது. கொண்டல் வந்தால் மழை வரும். மறுநாள் மழை பெய்தால் கூட்டம் எங்கே ஒதுங்கும்? அந்த வாசலில், அந்த விளிம்புக்கு அடியில்தான். மூன்றாவது வழி, இருட்டுவதற்குள் பிரித்து மாற்றுவது.

அதைக் கனகவல்லியம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"முடியாது மேஸ்திரி. பந்தக்கால் ஊனியாச்சு. ஊனுன பெறகு வீட்டுலேருந்து ஒரு குச்சிகூடக் கீழ எறங்கப்படாது. எங்க வழக்கம். அதுவும் வாசப்படிக்கு மேல, நெத்தியில கையவெச்சுப் பிரிக்கிறதா? நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"ஆமா, நல்லா இருக்குறதப் போயி ஓட்டை போட்டுட்டு..." என்றார் செல்வம். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. பெண்ணின் மாமன் அவர். மறுநாள் சபையில் சீர்த்தட்டோடு நிற்க வேண்டியவர். ஊர் பார்க்க அவர் செய்த வேலையை நான் குறை சொல்கிறேன்.

ரோஸ்மேரி அக்கா வாய் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அப்படி நான் செய்ததே இல்லை, அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். வழக்கத்தைச் சொல்கிறவரிடம் வழக்கம் தப்பு என்று பேசி ஜெயிக்க முடியாது. ஜெயிக்கவும் கூடாது, அவர் வீடு அது. எனக்கு அந்தம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் மனதில் சுற்றியது. இறங்கக் கூடாது.

"ஏறலாமாம்மா?" என்றேன்.

"என்னா?"

"எறங்கப்படாதுன்னீங்க. மொதல்ல ஒரு பலகைய மேல ஏத்திடுறோம். ஏறி நின்னு கூரையப் புடிச்சுக்கிட்ட பெறகு, பழசு தானா வெலகட்டும்."

அவர் யோசித்தார். பக்கத்தில் நின்ற வயதான பெண்களைப் பார்த்தார். அவர்களுக்குள் கண்ணாலேயே ஒரு பேச்சு நடந்தது. "ஏறுறதுன்னா நல்லதுதான்" என்றார் ஒருவர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் தச்சு வேலைப்படியும் அதுதான் சரி! கைமரம் எதுவரை உயிரோடு இருக்கிறதோ அந்த இடத்தில், உள்ளே தள்ளி ஒரு பலகையைக் குறுக்கே கொடுத்து, கம்பு நிறுத்தித் தாங்கிவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தொட வேண்டும். அவசரத்தில் நான் நேரே பிரிக்கத்தான் நினைத்திருந்தேன். அந்தம்மாவின் வழக்கம் என்னை ஒழுங்காக வேலை செய்ய வைத்தது.

அவ்வளவு நீளப் பலகைக்கு எங்கே போவது? டவுன் மரக்கடையில் கிடைத்தாலும் காயாத பச்சை மரமாக இருக்கும். வீட்டைச் சுற்றி வந்தேன். கொல்லையில் பழைய வள்ளத்துப் பலகைகள் கல் மேல் கிடந்தன. அதன் மேல் கருவாடு காய்ந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். கீறல் விழவில்லை. கடலில் கிடந்து உப்பு ஏறிய மரம் அது. மழைத் தண்ணீர் மரத்தைத் தின்கிற மாதிரி கடல் தண்ணீர் தின்னாது. ஆனால் உப்பு மரத்தில் சாதா ஆணி அடித்தால் துருப்பிடித்துப்போகும். அதற்கும் அந்த வீட்டிலேயே வழி இருந்தது, போட்டுக்கு வாங்கி வைத்த துருப்பிடிக்காத போல்ட்டுகள்.

"எடுங்க, எடுங்க" என்றார் கனகவல்லியம்மா. "ஆனா கருவாட்டு நாத்தம் அடிக்குமே மேஸ்திரி?"

"நல்லதுதானே? சம்பந்தி வீட்டுக்கு வாசல்லயே விருந்து வாசம்" என்றார் ரோஸ்மேரி அக்கா.

உள்ளேயிருந்து கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் மஞ்சள். "நலங்குக்குக் கரச்ச மஞ்சத்தண்ணி அண்டாவுல மீதி இருக்கும்மா. ஊத்திக் கழுவச் சொல்லு" என்றது. "வேப்பலையும் போட்டுத் தேய்க்கச் சொல்லு."

அப்படியே கழுவினோம். என் வாழ்க்கையில் நலங்கு வைத்து ஏற்றிய பலகை அது ஒன்றுதான்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போட்டைத் தள்ளுகிற அதே தோள்கள், அதே கூச்சல். "தூக்கு! புடி! இன்னம்! இன்னம்!" பலகை உள்ளே ஏறியது. மூங்கில் கம்புகள் அடியில் நின்றன. ஓடுகளின் உரசல் நின்றது. ரோஸ்மேரி அக்கா கடைசி இரண்டு வரிசை ஓடுகளைப் பிரித்துக் கொடுக்க, தெருப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சுவரோரம் அடுக்கினார்கள். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டே வந்தது. நான் மரம் அறுக்கும் வாளை எடுத்து நீலத் தோலை நீளவாக்கில் அறுத்துப் பிரித்தேன்.

உள்ளே பலகை இல்லை. பிழிந்து போட்ட டீத்தூள் மாதிரி ஒரு கறுப்புக் கூழ் இருந்தது. மேலே எங்கோ வெடித்திருந்த ஓட்டின் வழியாகத் தண்ணீர் வந்திருக்கிறது. அது முன்பெல்லாம் ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில் வெளியே போயிருக்கும். எறும்புகூடப் போக முடியாமல் அடைத்த பிறகு, வந்த தண்ணீர் அங்கேயே தங்கி, பின்பக்கமாகப் பலகையையும் கைமர நுனிகளையும் தின்றுவிட்டது. வெளியே மட்டும் புதுசு மாதிரியே மின்னிக்கொண்டிருந்தது.

செல்வம் அந்தக் கூழில் ஒரு கை அள்ளிப் பார்த்தார். போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்துகொண்டார். கரையாட்களில் ஒருவர், "மாமன் சீர் கொழகொழன்னுல்ல இருக்கு!" என்றார். சிலர் சிரித்தார்கள். கனகவல்லியம்மா சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்தார்.

எனக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஊறின நுனிகளை வெட்டி, பக்கத்தில் துண்டுக் கட்டை சேர்த்துப் போல்ட்டுப் போட்டு, இரண்டாவது வள்ளத்துப் பலகையை முகப்பில் ஏற்றி முறுக்கினேன். ஆனால் கண் அந்தப் படகுப் பக்கமே போயிற்று. கூரையைச் சரிசெய்து, அந்த வீட்டில் இன்னொன்றை உடைத்துவிட்டுப் போகிறேனோ என்று இருந்தது.

ரோஸ்மேரி அக்கா ஓடுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். வெடித்த ஓட்டுக்குப் பதில் நல்ல ஓடு. அப்போது செல்வம் எழுந்து வந்தார், கையில் ரெசின் டப்பா. வேறு ஏணியில் ஏறி, ஓட்டுக்கும் புதுப் பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கைப் பார்த்து, பிரஷ்ஷை முக்கினார். உதவி செய்கிறாராம். கை பழகின பழக்கம்.

"அடைக்காதே!" என்று கத்தினேன்.

தெருவே திரும்பியது. அது என் குரல் என்று எனக்கே நம்பிக்கையில்லை. ரோஸ்மேரி அக்கா ஓடும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"அடைக்காதீங்க" என்று குரலை இறக்கிச் சொன்னேன். காது சுட்டது. "போட்டுல தண்ணி வெளிய இருக்கு. நீங்க அத உள்ள வராம நிறுத்திடுறீங்க. ஒங்க கைவேல அதுல ஒண்ணாம் நம்பர்தான். கூரையில அப்புடி முடியாது. காத்து தள்ளிட்டு வரும், ஓடு வெடிக்கும், தண்ணி உள்ள வந்தே தீரும். வந்தா போறதுக்கு வழி வேணும்."

செல்வம் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் விரிந்தது.

"கரைக்கு வந்தா போட்டுல அடி அடைப்பப் புடுங்கி வுடுவோமே, உள்ள சேந்த தண்ணி போறதுக்கு. நான் புடுங்குறதுக்கு அடைப்பே வெக்காம ஒட்டிப்புட்டேனா?"

"அதான்! அதேதான்!" என்றேன். ஏணியே ஆடியது.

"அப்ப வெளிய வர்ற தண்ணி பலகை மேல வழியாம, தள்ளி விழணும்ல?" டப்பாவை வைத்துவிட்டு அவர் குதித்து இறங்கினார். நான் பிரித்துப் போட்ட நீலத் தோலைத் தூக்கினார். பலகையின் மேல் விளிம்பைச் சுற்றி வந்த இடத்தில் அது மடங்கி, ஒரு நீளக் கூரிய மூலையாக இருந்தது. "இந்த மடிப்ப மட்டும் நீளமா அறுத்துத் தர்றேன். ஓட்டுக்கு அடியில ஒரு பக்கம் சொருகுங்க. இன்னொரு பக்கம் பலகைக்கு முன்னால மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கட்டும். எப்புடி?"

நான் வாய் பிளந்து நின்றேன். அதுவரை விளிம்புக்குத் தகரம் மடித்துத்தான் வைத்திருக்கிறேன். இந்த உப்புக் காற்றில் அது நாலு மழைக்குத் தாங்காது. இவர் சொல்வது துருவே பிடிக்காது!

"அறுங்க செல்வம்! சீக்கிரம் அறுங்க!"

ஃபைபர் அறுக்கிற மெஷினை எடுத்து வந்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் அறுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோடு போடாமலே நேராகப் போயிற்று. சிவப்புக் கோட்டையும் விடாமல் சேர்த்து அறுத்தார். செருகினோம். மேலே ஓடுகளை இறக்கினோம். நீல மூக்கு வீட்டு அகலத்துக்கும் நீட்டிக்கொண்டு நின்றது.

"தண்ணி ஊத்திப் பாருங்க" என்றேன். வேலை முடிந்தது என்று வாயால் சொல்லாதீர்கள், எப்போதும் தண்ணீரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கனகவல்லியம்மா யாரிடமும் குடத்தைக் கொடுக்கவில்லை. அவரே ஏணியில் ஏறி, ஓட்டின் மேல் குடத்தைக் கவிழ்த்தார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் ஓட்டுக் குழிகளில் ஓடி வந்து, நீல மூக்கைத் தொட்டு, நுனியிலிருந்து வரிசையாகக் கீழே விழுந்தது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. சுவரில் ஒரு பொட்டு இல்லை. பலகையில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

கரையாட்கள் விசில் அடித்தார்கள். கனகவல்லியம்மா ஏணியில் நின்றபடியே திரும்பி, அந்த ஏலக் குரலில் சொன்னார்: "எவன்டா அது கொழகொழன்னது? மாமன் சீர் ஓட்டு மேல நிக்குது, வந்து பாரு!"

செல்வம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

பந்தல்காரரிடம் தனிக் கம்பு ஊன்றிக் கட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஊன்றினார். நீங்களும் சொல்லுங்கள், முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். சுவருக்கு ரோஸ்மேரி அக்காவே சுண்ணாம்பு பூசினார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "ஒனக்குத் தொண்டைன்னு ஒண்ணு இருக்கா தம்பி? இத்தன வருசம் எங்க வெச்சிருந்த?" என்று கேட்டார். நான் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்ததும் மழை வந்தது. கூட்டம் வாசலில் ஒதுங்கி நின்றது. தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து தள்ளி விழுந்தது. நானும் ரோஸ்மேரி அக்காவும் இரண்டாவது பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் போலகத்தில் ஒரு வீட்டு விளிம்புப் பலகையைப் பார்க்கப் போனோம்.